ஒரு நிமிஷம், வாசல்ல மணி

பேரரசுகள் பீரங்கியால் விழுந்ததில்லை. அரண்மனைக்குள்ளிருந்து வெளியே கசிந்த ஒற்றைச் சொல்லால்தான் விழுந்திருக்கின்றன. கோட்டையைக் காப்பதைவிட ரகசியத்தைக் காப்பது கடினம் என்பதை வரலாறு திரும்பத் திரும்ப ரத்தத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இந்தத் தடவை கசிந்தது மூன்றடிக்கு ஓரடி, தங்க எழுத்து.

அது ஒரு பெயர்ப்பலகையின் அளவு. நான்கு மாடி, மாடிக்கு மூன்று வீடு என்று பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம். அதன் குடியிருப்போர் சங்கத் தலைவர், கீழ்த்தளத்தில் குழந்தைகள் சைக்கிள் நிறுத்தும் பொது அறையைத் தன் அலுவலகமாக்கிக்கொள்ளத் திட்டம் போட்டிருந்தார். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, கூட்டத்தில் திடீரென்று அறிவித்து, எவரும் வாயைத் திறப்பதற்குள் கைதட்டலை வாங்கிவிடுவது என்பது ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் கீழ்த்தள லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

‘தலைவருக்குச் சுழல் நாற்காலி. தலைவருக்கு மூன்றடிக்கு ஓரடியில் பெயர்ப்பலகை, தங்க எழுத்து. சைக்கிள்களுக்கு மாடிப்படியின் அடி. வாழ்க தலைவர்.’

கடைசி இரண்டு வார்த்தைதான் அவரை அதிகமாகப் புண்படுத்தியது.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குத் துப்பறிவாளர் லென்ஸ் வந்து சேர்ந்தார். அது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். கூடவே அவருடைய உதவியாளர், அதாவது அவர் மனைவியின் தங்கை. ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் எட்டு வருஷம் போனில் புகார் கேட்டவள். யார் பொய் சொல்கிறார்கள் என்பது ‘ஹலோ’விலேயே தெரிந்துவிடும். “அவரைத் தனியா எங்கேயும் விடாதே” என்று அக்கா சொன்னதால் இந்த வேலைக்கு வந்தவள்.

பொது அறையில் ஒன்பது சைக்கிள்களுக்கு நடுவே தலைவர் நின்றிருந்தார். கதவின் மேல் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் வரைந்திருந்தது.

“இது வெறும் கசிவு அல்ல,” என்றார் தலைவர். மேடை இல்லாத இடத்திலும் அவர் மேடைத் தமிழ்தான் பேசுவார். “இது ஒரு துரோகம். துரோகி யார் என்பதும் எனக்குத் தெரியும். நம் வாயிற்காவலன். ஆறு மணிக் கூட்டத்தில் அவனை நீக்குகிறேன். ஆதாரம் மட்டும் நீங்கள் தர வேண்டும்.”

“முதல்ல தண்டனை, அப்புறம் ஆதாரமா சார்?” என்றாள் கொழுந்தியாள்.

“நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அம்மா.”

லென்ஸ் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். படிப்பதைவிடப் புரட்டுவதுதான் அவருக்கு நன்றாக வரும்.

“பொருள் பன்னிரண்டு, லிஃப்ட் பழுது, கம்பெனிக்குப் புகார் செய்யும் பொறுப்பு காவலாளிக்கு. பொருள் பதிமூன்று, காவலாளி நீக்கம். பொருள் பதினான்கு, தலைவர் வீட்டு அழைப்பு மணி பழுது, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு. பொருள் பதினைந்து, மொட்டைமாடிக் குழாய், ஒத்திவைப்பு.” நிமிர்ந்தார். “எல்லாவற்றையும் தீர்மானம் போட்டுத்தான் செய்வீர்களா?”

“ஒரு பல்பு மாற்றுவதானாலும் தீர்மானம் வேண்டும். நான் கொண்டுவந்த விதி. எனக்கும் அதில் விலக்கில்லை,” என்றார் தலைவர் பெருமையாக.

“காவலாளி போனா அவர் குடும்பம்?” என்றாள் கொழுந்தியாள்.

“கேட்டை ஒட்டிய அறையை இன்றே காலி செய்ய வேண்டும். அறை சங்கத்தின் சொத்து.”

அந்த அறையை வரும்போதே அவள் பார்த்திருந்தாள். ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அந்தப் பாதிக் கதவு வழியாக ஒரு பெண் துணி மடிப்பது தெரிந்தது.

“பலகையோட அளவை யார்கிட்ட சொன்னீங்க?”

“என் நிழலிடம்கூடச் சொல்லவில்லை.”

“வீட்ல?”

“என் மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. நான் சொல்வதுமில்லை, அவள் கேட்பதுமில்லை. அமைதியான குடும்பம்.”

அப்போது தலைவரின் சட்டைப் பைக்குள் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. சீட்டுக்கட்டைக் கலைக்கிற சத்தம். தலைவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குத் தேசிய கீதம் பாடப் போகிறார்போல் இருந்தது.

“அது என்ன சார்?”

“மூளைப் பயிற்சி.”

“மூளைப் பயிற்சியைக் கொஞ்சம் காட்டுங்க.”

அது போக்கர். காசு கிடையாது, காசுக்குப் பதில் வண்ண வண்ணமாகச் சில்லுகள், ஜெயித்தாலும் தோற்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தலைவர் ‘சிம்மாசனம்’ என்று சொந்தமாக ஒரு மேசை திறந்து வைத்திருந்தார். அதில் அவர் பெயர் ‘சக்கரவர்த்தி’. தினமும் வந்து உட்காருவது இன்னும் இரண்டு பேர். ‘கல்’ என்று ஒருவர். ஒரு வார்த்தை பேசியதில்லை, எப்போதும் ஜெயிப்பார். ‘சுண்டெலி’ என்று ஒருவர். தோற்றாலும் ஜெயித்தாலும் பேசுவார்.

சீட்டுக்குக் கீழே அரட்டைக் கட்டம். கொழுந்தியாள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். சனிக்கிழமையில் வந்து நின்றாள்.

“அத்தான், வாசிக்கிறேன் கேளுங்க. சக்கரவர்த்தி: ‘விரைவில் எனக்கு ஓர் அலுவலகம் அமையும்.’ சுண்டெலி: ‘அப்புறம்?’ சக்கரவர்த்தி: ‘சுழல் நாற்காலி.’ சுண்டெலி: ‘அப்புறம்?’ சக்கரவர்த்தி: ‘பெயர்ப்பலகை. மூன்றடிக்கு ஓரடி. தங்க எழுத்து.’” போனை இறக்கினாள். “நிழல்கிட்ட சொல்லலை சார். நிழல் ‘அப்புறம்’னு கேக்காது இல்லையா.”

தலைவரின் மேடைத் தமிழ் சற்றே இடறியது. “அது… அங்க யாருக்கும் யாரையும் தெரியாதும்மா. வேற ஊர், வேற நாடு. கடல்ல கல்லைப் போட்ட மாதிரி.”

“கடல்ல போட்டது எப்படி சார் லிஃப்ட்ல மிதக்குது?”

லென்ஸ் முன்னால் வந்து போனை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குச் சக்கரவர்த்தி எழுதியிருந்தார்: ‘ஆறு மணிக்கு ஒரு துரோகியின் அறை காலியாகும். என் வாயிற்காவலன்.’ சுண்டெலி: ‘அவர் என்ன பண்ணார்?’ சக்கரவர்த்தி: ‘எந்நேரமும் போனில் இருக்கிறான்.’ அதற்குப் பிறகு சுண்டெலியிடமிருந்து ஒன்றுமில்லை.

“கவனியுங்கள்,” என்றார் லென்ஸ், குரலை ஒரு படி இறக்கி. “இத்தனை நாள் ‘அப்புறம், அப்புறம்’ என்று கேட்ட சுண்டெலி இங்கே மட்டும் கேட்கவில்லை. ஏன்? தன் பெயரே வந்துவிட்டது. விரல் நின்றுவிட்டது. சுண்டெலி, காவலாளிதான்.”

“அப்படிப் போடுங்கள்,” என்றார் தலைவர்.

“போய்ப் பாத்துட்டுப் போடலாம்,” என்றாள் கொழுந்தியாள்.

காவலாளி கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, சங்கம் போட்டுக்கொடுத்த அரைக்கை நீலச் சட்டை. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“போனைக் கொடுங்கள்,” என்றார் லென்ஸ்.

“கொடுக்கிறேன் சார், கட் மட்டும் பண்ணிடாதீங்க. ஞாயித்துக்கிழமைலேர்ந்து லைன்ல இருக்கேன்.”

லென்ஸ் காதில் வைத்தார். ஒரு புல்லாங்குழல். பிறகு ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. மறுபடி புல்லாங்குழல்.

“லிஃப்ட் கம்பெனி சார். பொருள் பன்னெண்டு. ஆள் பேசுற வரைக்கும் போனை வைக்கக் கூடாதுன்னு தலைவர் எழுத்துல கொடுத்திருக்காரு.”

கொழுந்தியாள் போனை வாங்கித் திருப்பிக் காட்டினாள். எண்கள் பாதிக்கு மேல் அழிந்துபோன பட்டன்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திரை. “அத்தான், இதுல போக்கர் ஆடணும்னா சீட்டை நாமளே வரைஞ்சுக்கணும்.”

லென்ஸ் ஒரு கணம்தான் தடுமாறினார். “அதைத்தான் நான் உறுதி செய்துகொள்ள வந்தேன்.”

“இவங்க ஏன் சார் வந்திருக்காங்க?” என்று காவலாளி தலைவரிடம் கேட்டார். அவர் உள்ளே துணி மடிக்கும் மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மணி நாலேகால்.

திரும்பிப் போகும்போதே கொழுந்தியாள் அரட்டையை இன்னும் பின்னால் தள்ளினாள். ஒரு இடத்தில் நின்று சிரித்தாள்.

“சார், போன வாரம் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்களா?”

“இருபது நிமிடம்.”

“அப்பவும் ஆடினீங்களா?”

“நல்ல சீட்டு வந்திருந்தது.”

அவள் வாசித்தாள். “சக்கரவர்த்தி: ‘லிஃப்டில் சிக்கியுள்ளேன். எனினும் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறேன்.’ சுண்டெலி: ‘ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுலயா?’ சக்கரவர்த்தி: ‘ஆம். எப்படித் தெரியும்?’ சுண்டெலி: ‘லிஃப்டுன்னா அங்கதானே நிக்கும். அப்புறம்?’” போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நீங்க அதுக்கு ‘உண்மைதான்’னு பதில் போட்டிருக்கீங்க சார்.”

தலைவர் போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார்.

“ஆக, சுண்டெலி இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது,” என்றார் லென்ஸ். இதை இப்போதுதான் தெரிந்துகொண்டார் என்பது குரலில் தெரியாது. அதற்காகத்தான் அவரிடம் வழக்குகள் வருகின்றன. “இனி மாறுவேடம்.”

கொழுந்தியாள் பெருமூச்சு விட்டாள். போன வழக்கில் அவர் போட்ட மாறுவேடத்தின் ஒட்டு மீசை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டது.

இது வேறு மாதிரி மாறுவேடம். லென்ஸ் ஒரு சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து, தன் போனில் ஒரு புதுக் கணக்கைத் திறந்தார். பெயர் கேட்டது, ‘அப்பாவி’ என்று போட்டார். படம் கேட்டது, வந்து நின்ற முதல் படத்தைத் தொட்டு ‘சரி’ என்றார். சிம்மாசனம் மேசையில் அவருக்கு ஒரு இடம் கிடைத்தது. கல் இருந்தார். சுண்டெலியும் இருந்தது.

‘வணக்கம். நான் ஒரு சாதாரண மனிதன்,’ என்று அப்பாவி எழுதினார்.

‘அப்படியா?’ என்றது சுண்டெலி. கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்புறம்?’

“இதோ பார்,” என்று லென்ஸ் கொழுந்தியாளிடம் கிசுகிசுத்தார். “நான் இங்கே இதைப் பேச்சில் பிடித்து வைக்கிறேன். நீ ஒவ்வொரு வீடாக மணி அடித்துக்கொண்டே மேலே போ. எந்த வீட்டு மணி அடிக்கும்போது சுண்டெலி சீட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறதோ, அந்த வீடு.”

கொழுந்தியாள் அவரை இரண்டு விநாடி பார்த்தாள். அவர் வாயிலிருந்து உருப்படியான ஒரு யோசனை வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. “அத்தான், இது நல்லா இருக்கு.”

“எனக்குத் தெரியும்.”

தலைவரின் போனை அவளே எடுத்துக்கொண்டாள், மேசையைப் பார்த்துக்கொண்டே ஏறுவதற்கு. தலைவருக்கு அது பிடிக்கவில்லை. “நீங்க கையில வச்சிருந்தா ஆடுவீங்க சார். ஆடினா பேசுவீங்க.”

லிஃப்ட் நின்றிருந்ததால் படிதான்.

முதல் மாடியில் மூன்று மணிகள். ஒரு வீட்டில் யாருமில்லை. ஒன்றில் பல் துலக்கியபடி ஒருவர் வந்து, நுரையோடு என்னவோ கேட்டார். மூன்றாவதில் ஒரு பெண், “சந்தா கட்டியாச்சு,” என்று சொல்லிவிட்டு, யாரென்று பார்க்காமலே கதவைச் சாத்தினாள். போனில் சுண்டெலி, ‘மழை வர்ற மாதிரி இருக்கு, உங்க பக்கம் எப்படி?’ என்று அப்பாவியிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடியில் முன்னாள் தலைவரின் வீடு. சங்கத்தின் எதிர்க்கட்சி அவர் ஒருவர்தான். கையில் போனோடு கதவைத் திறந்தார். கொழுந்தியாள் எட்டிப் பார்த்தாள். சதுரங்கம். அவரே கறுப்பு, அவரே வெள்ளை.

“யாரு ஜெயிக்கிறாங்க?”

“ரெண்டு பக்கமும் ஏமாத்துது,” என்றார் முன்னாள் தலைவர்.

மூன்றாம் மாடி முடிந்தது. சுண்டெலி அசையவில்லை. அப்பாவி இதற்குள் எல்லாச் சில்லையும் கல்லிடம் இழந்து, மேசை இரக்கப்பட்டு இலவசமாகக் கொடுத்த சில்லில் ஆடிக்கொண்டிருந்தார். ‘எனக்குத் துப்பறியும் தொழிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை,’ என்று யாரும் கேட்காமலே எழுதியிருந்தார்.

நான்காம் மாடியில் இரண்டு வீடுகள் கழிந்தன. மிச்சம் ஒன்று. கதவில் பித்தளைப் பலகை: தலைவர். மணிப் பொத்தானுக்கு மேல், ‘அழுத்தவும்’ என்று அச்சடித்த ஒரு தாள். கொழுந்தியாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அழுத்தினாள்.

கையிலிருந்த போனில் ஒரு வரி வந்து விழுந்தது.

சுண்டெலி: ‘ஒரு நிமிஷம், வாசல்ல மணி.’

கதவு திறந்தது. தலைவரின் மனைவி நின்றார். காதோரம் செருகிய பேனா, ஒரு கையில் போன். திரையில் சீட்டு.

“வாம்மா,” என்றார். “படியேறி மூச்சு வாங்குது பாரு. தண்ணி குடிக்கிறியா?”

கீழேயிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் ஓடி வந்தன. லென்ஸ் முதலில். தலைவர் ஒரு மாடி பின்தங்கி, தீர்மானப் புத்தகத்தை நெஞ்சில் அணைத்தபடி.

“சுண்டெலி,” என்றார் லென்ஸ், விரலை நீட்டி. நீட்டிய விரலைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

தலைவர் மனைவியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். “நீயா? நீ… பக்கத்து அறையிலேர்ந்தா?”

“நீங்க ஹால்ல, நான் உள்ள. நடுவுல ஒரு சுவரு.”

“ஏன்?”

“பதினேழு வருஷமா ‘என்னங்க விசேஷம்’னு கேக்கறேன். ‘ஒண்ணுமில்லை’ம்பீங்க. அங்க ‘அப்புறம்’னு ஒரே ஒரு வார்த்தை போட்டேன். மூணு பக்கம் எழுதினீங்க. நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.” அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவரின் நிதானம் இருந்தது. “அஞ்சு மாசம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் சைக்கிள் ரூமை எடுத்துக்கப் போறேன்னு எழுதினீங்க. ரெண்டாவது மாடிக் குழந்தை அங்கதான் சைக்கிள் பழகுது. வீட்ல சொன்னா காது கேக்காது. அதான் லிஃப்ட்ல ஒட்டினேன்.”

“‘வாழ்க தலைவர்’னு போட்டது?”

“அது ஆசைக்கு.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையேறப் பார்த்தார். “இது சங்கத்தின் மீதான நம்பிக்கையையே…”

“என்னங்க,” என்றார் மனைவி. மேடை இறங்கிவிட்டது. “பொருள் பதிமூணை அடிங்க. அந்த மனுஷன் நாலு நாளா புல்லாங்குழல் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு, ரூமைக் காலி பண்ணச் சொல்றீங்க. அடிக்கலேன்னா ஆறு மணிக்கு நான் கீழ வரேன். மேசைல நீங்க எழுதினதெல்லாம் முதல்லேர்ந்து வாசிக்கிறேன். அஞ்சாவது வீட்டுக்காரர் மூஞ்சியைப் பத்தி எழுதினதும் சேத்து.”

அவர் காதோரப் பேனாவை எடுத்து நீட்டினார். தலைவர் புத்தகத்தைச் சுவரில் வைத்து, பொருள் பதிமூன்றின் மேல் கோடு போட்டார். பேனாவை உடனே திருப்பித் தரவில்லை.

“இரண்டடிக்கு அரையடி என்றால்?”

“என்னங்க.”

“சரி.” அலுவலகத்துக்கான பொருளின் மேல் இன்னொரு கோடு.

கொழுந்தியாள் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே குனிந்து, “அண்ணே, உங்க ரூம் உங்களுக்குத்தான்,” என்றாள். கீழேயிருந்து காவலாளி தலையை நிமிர்த்தி, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். லைனில் ஆள் வந்திருந்தது. அவர் மனைவி வெளியே எடுத்து வைத்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டு பாதிக் கதவு வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனாள்.

லென்ஸ் இதற்காகத்தான் காத்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மணி என்பது எளிய கருவி,” என்று ஆரம்பித்தார். “ஆனால் மணி அடித்தால் மனிதன் எழுவான். எவ்வளவு தேர்ந்த வேடதாரியும் அந்த ஒரு நொடியில் தன்னை மறப்பான். அந்த நொடியைத்தான் நான்…”

கொழுந்தியாள் மணிப் பொத்தானை அழுத்தினாள். சத்தமில்லை. இன்னொரு தடவை, கட்டைவிரலால் நன்றாக.

“அத்தான்,” என்றாள். “பொருள் பதினாலு.”

லென்ஸ் நிறுத்தினார்.

“ஒத்திவைப்பு,” என்றார் தலைவர், பழக்கத்தில்.

“இந்த மணி அடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு,” என்றார் தலைவரின் மனைவி. “கீழேர்ந்து ஒவ்வொரு வீட்டு மணியா மேல ஏறி வந்துச்சு. என்ன பண்றீங்கன்னு புரிஞ்சுது. எங்க வீட்ல மட்டும் சத்தம் வராதே, பாவம், இவ்வளவு தூரம் வந்தவங்க வெறுங்கையோட போயிடுவாங்களேன்னு நானே எழுதினேன். காவலாளி விஷயத்தை இன்னிக்கு எப்படியும் சொல்லிடணும்னுதான் இருந்தேன்.”

“வந்தது நான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் லென்ஸ். “நான் வேடத்தில் அல்லவா இருந்தேன்?”

தலைவரின் மனைவி கொழுந்தியாளிடம், “அப்பாவியோட பேருக்குப் பக்கத்துல ஒரு குட்டி வட்டம் இருக்கு பாரும்மா. அதைத் தொடு,” என்றார்.

கொழுந்தியாள் தொட்டாள். படம் பெரிதானது.

லென்ஸின் விசிட்டிங் கார்டு, போன் நம்பரோடு.